சொல்லடுக்கும் கணிப்பொறியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அகரவரிசையில் பொருள் காணும் முறைக்குப் பெரிதும் வழிவகுத்தது, வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி. நம் நெல்லைச் சீமை தந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராக இருந்த தமிழ் லெக்சிகனில், நூறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களை மனிதக் கைகளே வரிசைப்படுத்தின.

அப்பணியை இன்று கணிப்பொறி நொடியில் முடிக்கிறது. வரிக்கு ஒரு சொல்லாகக் கோப்பில் எழுதி, கட்டளை வரியில் 'சார்ட்' என்னும் ஆணையோடு கோப்பின் பெயரைத் தந்தால் போதும். சிறுகோடிட்டு 'யூ' என்னும் குறியைச் சேர்த்தால், இருமுறை வந்த சொல் ஒருமுறையே நிற்கும். விளைவை வேறு பெயரிலேயே சேமித்தல் வேண்டும். அம்புக்குறியிட்டு மூலக்கோப்பின் பெயரையே கொடுத்தால், ஆணை படிக்கத் தொடங்குமுன்பே கோப்பு வெறுமையாகிவிடும், உழைப்பெல்லாம் வீணாகும்.

விரைவு உண்டு, முறை உண்டா? பலா, பவளம், பழம், பனை என்பது நம் வரிசை. எழுத்துகளின் குறியெண்ணை மட்டும் நோக்கி அடுக்கும்போது பனை, பலா, பழம், பவளம் என வருகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்பதும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன் நிற்பதுமே காரணம். புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே உள்ளது. ஆதலால் பகலுக்கு முன் வரவேண்டிய பக்கம் பின்னே தள்ளப்படுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. அகரத்திற்கு 001, ஆய்தத்திற்கு 013, ககர மெய்க்கு 014 எனத் தொடங்கி, இறுதி எழுத்தாகிய னௌவிற்கு 247 வரை எண் தருக. ஒவ்வொரு சொல்லின் முன்னும் அதன் எழுத்தெண்களை நிரலே எழுதி, அவ்வெண்களைக் கொண்டு அடுக்கி, பின்னர் எண்களை நீக்கிவிடுக. கணிப்பொறி நம் நெடுங்கணக்கிற்குப் பணிந்து நடக்கும்.

இது வெறும் நுட்பச் செய்தியன்று. பத்தமடைக் கோரைப்பாய் முடைவோரிடமும், பொருநைக் கரை வயல்களிலும், பனங்காடுகளிலும் வழங்கும் சொற்கள் முதியவர்களோடு மறைந்து வருகின்றன. அவற்றைத் தொகுத்தால் மட்டும் போதாது. தேடுபவர் கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கும் சொல், இல்லாத சொல்லாகவே கொள்ளப்படும்.

கவிஞர்களே, ஆளுக்கு ஒரு பட்டியல் தொடங்குங்கள். சொல்லை நீங்கள் தேடித் தாருங்கள். அடுக்கும் வேலையைக் கணிப்பொறி செய்யட்டும். முறையைத் தமிழ் வகுக்கட்டும்.