மழை நாளின் கெட்டிக்காரி
சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் விசேட கல்விக் கூட்டுறவுக்கு யார் தலைமை?

1

     

சப்ரகமுவ மாகாணத்தில் ஏழு கல்வி வலயங்கள்: கேகாலை, மாவனல்லை, தெஹியோவிட்ட, இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை, எம்பிலிப்பிட்டி. நுவரெலியாவில் ஒரு மலையில் நின்றால் அடுத்த மலையிலும் தமிழ்ப் பாடசாலை தெரியும். இங்கே அப்படியில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையில், எங்கள் தோட்டத் தமிழ்ப் பாடசாலைகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. கற்பதில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளுக்காக இவை ஒன்றுசேர்ந்து இயங்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் பிணக்கில்லை. அந்தக் கூட்டுக்கு யார் தலைமை என்பதில்தான் பிணக்கு.  பல வருடங்களாகக் கருத்தரங்குகளில் துண்டு துண்டாகப் பேசி வந்ததை இன்று முழுமையாகச் சொல்ல இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இதில் என்னோடு மாறுபடும் நண்பர்களின் நிலைப்பாடு இது: நகரத்துப் பெரிய தமிழ்ப் பாடசாலையில் ஒரு விசேட கல்விப் பிரிவு அமைய வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர், கருவிகள், அறை எல்லாம் அங்கே இருக்கட்டும். மேலே உள்ள சின்னப் பாடசாலைகள் பிள்ளைகளை இனங்கண்டு அனுப்பட்டும். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். தலைமை சின்னப் பாடசாலையிடம் இருக்க வேண்டும். பெரிய பாடசாலை அதற்குக் கடமைப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை மலை இறங்கக் கூடாது; ஆசிரியர்தான் மலை ஏற வேண்டும்.

2

பாடசாலைகளைச் சேர்த்துக் கட்டும் யோசனை நமக்குப் புதிதல்ல. 1981ஆம் ஆண்டுக் கல்வி வெள்ளை அறிக்கை கொத்தணி முறையை முன்வைத்தது. ஒரு பெரிய பாடசாலையை மையமாக வைத்து, அயற்பாடசாலைகளை அதனோடு இணைத்து, ஆசிரியர்களையும் வளங்களையும் பகிர்ந்துகொள்வது அதன் நோக்கம். 1980களில் கொத்தணி அதிபர் என்ற சொல் நம் காதுகளுக்குப் பழகிவிட்டது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். அதற்கு முன், 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார் மீது சுமத்திய கடமையின் பேரில், ஒரு கூரையும் ஒரு வாத்தியாருமாக அவை ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே கொத்தணிக்குள் வந்தபோது தோட்டப் பாடசாலை கடைசியாக வந்த உறுப்பினர். நான் அருகிருந்து பார்த்த கொத்தணிகளில் அது கேட்கும் இடத்தில் இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இருந்தது. மையம் கூட்டம் கூட்டும். விளிம்பு பஸ் ஏறிப் போகும். நண்பர்கள் கேட்கும் விசேட கல்விப் பிரிவும் இதே அச்சில் வார்த்ததுதான்.

3

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் இதை முன்பே சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னதால்தான் அது எடுபடவில்லை என்பது என் எண்ணம். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு இறப்பர்த் தோட்டம். பள்ளிக்கூடம் ஒரு நீளக் கட்டடம். தரம் 1 முதல் 5 வரை ஐந்து வகுப்புகள், நடுவில் தடுப்பு இல்லை. ஒரு மூலையில் வாய்ப்பாடு, அடுத்த மூலையில் பாட்டு, நடுவில் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். மேலே தகரக் கூரை. அங்கு நான் போனது ஒரு பட்டியலைச் சரிபார்க்க. நகரத்தில் திறக்கவிருந்த பிரிவுக்கு அனுப்புவதற்காக ஆறு பிள்ளைகளின் விபரம் படிவத்தில் நிரப்பப்பட்டிருந்தது. அவர்களில் தரம் 3இல் படித்த ஒரு சிறுமியும் இருந்தாள். அவள் பெயருக்கு எதிரே ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதியிருந்தது.

வகுப்பாசிரியை பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த இளம் பெண். படிவத்தை நிரப்பியவரும் அவர்தான். நான் கையெழுத்து வைக்கப் போகும்போது, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: “சார், ஒரு விஷயம். மழ பேஞ்சா இவ கெட்டிக்காரி சார்.”

எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் அதை விளக்கத் தெரியவில்லை. கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான். கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னேன். சொல்வதெழுதுதல் பக்கங்களில் ‘வள்ளி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பள்ளி’, ‘கட்டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தட்டு’. பாதிக்குமேல் வெற்றுக் கோடுகள். இரண்டு பக்கம் தள்ளினால் இடைவெளி நிரப்புதல், கணக்கு, சிறு வாக்கியங்கள், எல்லாம் சரி. கையெழுத்துக்கூட வேறாக இருந்தது, அச்சமில்லாத கையெழுத்து. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று முதலில் நானும் நினைத்தேன்.

சுவரில் ஒரு வானிலை அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. ஆரம்ப வகுப்புகளில் நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான்: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிள்ளை எழுந்து போய் சூரியனோ மேகமோ குடையோ வரைய வேண்டும். கொப்பியில் இருந்த திகதிகளை அந்த அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஆசிரியை திகதியை வாசித்தார், நான் சுவரைப் பார்த்தேன். சரியான பக்கங்கள் எல்லாம் குடை. தவறான பக்கங்கள் எல்லாம் சூரியன்.

காரணம் எளிது. தகரத்தில் மழை விழுந்தால் அந்தக் கட்டடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அன்று ஆசிரியை சொல்லிக் கொடுக்க முடியாமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார். வெயில் நாளில் பாடம் வாயால் நடந்தது. அந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மழை நாளில் முழு வகுப்புக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமானாள். வெயில் வந்ததும் மெல்லக் கற்பவள் ஆனாள்.

அவளுடைய தாய் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர். அன்று வேலை முடிந்து வந்தவர், கைகளில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே சொன்னார்: “சின்னதுல இருந்தே காது ஒழுகும் சார். வெயில் வந்தா நின்னுரும். அதனால விட்டுட்டோம்.” நடுக்காதில் நாட்பட்ட சீழ் செவிப்பறையைத் துளைத்துக் கேட்கும் திறனைக் குறைக்கும். பெரும்பாலும் மருந்தாலும் அறுவைச் சிகிச்சையாலும் சீர்செய்யக்கூடியது. அதற்காக அந்தத் தாய் நகரத்துக் கிளினிக்குக்கு மூன்று முறை போனார். மூன்று பேர் போனது. பேர் என்றால் ஒரு நாள் வேலையின் கூலி. கிளினிக் துண்டு சிங்களத்தில் இருந்தது; ஒருமுறை ஆசிரியை தன் விடுமுறை நாளில் கூடவே போய் வாசித்துச் சொன்னார்.

அதற்கிடையில் ஆசிரியை செய்தது மூன்று சிறிய காரியங்கள். பிள்ளையை முன்வரிசையில், ஓரளவு கேட்கும் காது தன் பக்கம் வரும்படி உட்காரவைத்தார். பலகைக்கு முகம் திருப்பிக்கொண்டு பேசுவதை நிறுத்தினார். சொல்வதெழுதுதலுக்கு முன் சொற்களை ஒருமுறை எழுதிக் காட்டினார். செலவு ஒரு சதமும் இல்லை.

இப்போது நண்பர்களைக் கேட்கிறேன். அந்தப் படிவத்தில் கையெழுத்து விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவள் பஸ் ஏறி நகரத்துக்குப் போய், எளிதாக்கிய பாடங்களை, சரியாகக் கேட்காத அதே காதால் கேட்டுக்கொண்டிருப்பாள். அதைத் தடுத்தது என் படிப்பல்ல. ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்த ஆசிரியையின் ஒரு வாக்கியம் தடுத்தது. அந்த வாக்கியத்தை எழுதப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. நிபுணராக நான் அந்த மலைக்குப் போய் உட்கார்ந்ததால்தான் அது சொல்லப்பட்டது. படிவம் மட்டும் நகரத்துக்குப் போயிருந்தால் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

4

மறுப்புகளுக்கு வருகிறேன். மூன்று ஆசிரியர்களோடு இயங்கும் பாடசாலை, அதிபரே வகுப்பெடுக்கும் பாடசாலை, ஒரு பிரதேசக் கூட்டுக்கு எப்படித் தலைமை தாங்கும் என்று கேட்கிறார்கள். இது உண்மையான கவலை. இதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் தலைமை என்று நான் சொல்வது கடிதக் கோவையையும் கணக்கையும் அல்ல. அவற்றைப் பெரிய பாடசாலையின் எழுதுவினைஞர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்று முதல் வார்த்தை சொல்வது, விசேட கல்வி ஆசிரியரை எந்த நாளில் எந்தப் பாடசாலைக்கு வரவழைப்பது என்று தீர்மானிப்பது, தாயின் பஸ் காசைக் கையில் வைத்திருப்பது, கூட்டம் எங்கே கூடும் என்று சொல்வது: இவைதான் தலைமை. தவணைக்கு ஒரு பாடசாலையாக இது சுற்றி வரலாம்.

நிபுணர் ஓரிடத்தில் இருந்தால்தான் திறமை வளரும் என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே வட்டார வள மையங்களில் நியமிக்கப்படும் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளையின் வீட்டுக்கும் போகிறார்கள். மையம் அவர்கள் புறப்படும் இடம். இங்கிலாந்தில் 1978இல் வெளிவந்த வார்னொக் அறிக்கை, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் விசேட உதவி தேவைப்படும் என்று கணித்தது. இந்த அளவில் பாதியை எடுத்தாலும் எந்த நகரப் பிரிவு கொள்ளும்? இலங்கையில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியபோது பிள்ளையைக் கூட்டிவருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, பிள்ளையின் ஊர்ப் பாடசாலையே அதன் இடம் என்று அறிவித்தார்கள். நாம் இன்னும் 1912இல் நின்று வாதாட வேண்டுமா?

5

சிங்களப் பாடசாலைகளைக் கூட்டில் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குக் கீழே, நடந்து போகும் தூரத்தில், விசேட கல்விப் பிரிவுள்ள சிங்களப் பாடசாலை இருக்கும் இடங்கள் உண்டு. மொழியைக் காட்டி அதைத் தவிர்ப்பது சரியல்ல. கண்ணாடிக்கும் சக்கர நாற்காலிச் சரிவுக்கும் மொழி கிடையாது. பேச்சுப் பயிற்சியும் வாசிப்பும் மட்டும் தமிழில் நடந்தாக வேண்டும். ஆனால் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் இன வன்முறையில் தோட்டங்கள் தாக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பாட்டிகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். பிள்ளையைக் கீழே அனுப்பு என்பதைவிட, கீழேயுள்ள ஆசிரியர் மேலே வரட்டும் என்பது அவர்களுக்கு எளிது. இதுவும் என் கட்சிக்கு ஒரு வலு.

6

நேரம் குறைவு. மிச்சத்தைக் குறிப்பாகவே சொல்கிறேன்.

கித்துல்கலைக்கு மேலேயுள்ள தோட்டங்களுக்கு கேகாலையைவிட மத்திய மாகாணத்துக் கினிகத்தேனை கிட்ட. மாகாண எல்லை தாண்டிய கூட்டுக்கு நிர்வாக வழி காண வேண்டும். யாராவது ஓர் இளம் ஆய்வாளர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியில் களுப்பஹனத் தோட்டத்தில் மண் சரிந்தது. அதற்குப் பின் மழையென்றால் நடுங்கும் பிள்ளைகளும் கூடுதல் உதவி வேண்டியவர்களே. அவர்களைப் பற்றி நாம் எதுவும் எழுதி வைக்கவில்லை.

கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது. ஆகவே தரம் 5 முடித்து வேறு பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் தேவைக் குறிப்பு கூடவே போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக் காம்பரா எனப்படும் தோட்டக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களின் பொறுப்பாளர்களைக் கூட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காது ஒழுகுவதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக, கேட்டல் சோதனைக்கு ஒரு தமிழ்ச் சொற்பட்டியல் வேண்டும், தோட்டத்துப் பிள்ளை வீட்டில் கேட்கும் சொற்களால் ஆனது. பெரட்டு, கொழுந்து, லயம், சிரட்டை என்று தொடங்கலாம். ‘கட்டு, தட்டு’ போல ஓரெழுத்தில் மாறும் இணைகள் நிறைய வேண்டும். தெஹியோவிட்ட, பலாங்கொடை வலயங்களில் இருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் ஆளுக்கு இருபது சொல் எழுதித் தந்தால் போதும். தேநீர் வேளையில் வாசலருகே ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.