கோப்புகளைப் பிரதி செய்தல்: ஒழுங்கு குலையாமல் காப்பது எவ்வாறு?



மனோர் பார்க்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஊரில் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகள் இன்று பழைய மடிக்கணினியிலோ ஒரே ஒரு வன்தட்டிலோ தங்கியிருக்கின்றன. அது பழுதடைந்தால் அவற்றை மீளப் பெறுதல் அரிது. ஒரே இடத்தில் இருக்கும் செல்வம் ஒரே இரவில் அழியக்கூடும் என்பதைத் தமிழர் நன்கறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், ஈடுசெய்ய இயலாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களை எண்ணிமப் பிரதிகளாக்கிக் காத்து வருகின்றது.

எனினும், கோப்புகளைப் பிரதி செய்தால் மட்டும் போதாது. அவற்றின் ஒழுங்கும் உடன்செல்ல வேண்டும். கமராக்கள் படங்களுக்கு வெறும் இலக்கங்களையே பெயராக இடுகின்றன. '1996 திருகோணமலை, அம்மம்மா வீடு' என்ற கோப்புறைப் பெயரே அப்படங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம். ஆவணங்களின் மூல ஒழுங்கைக் குலைக்கலாகாது என்பது ஆவணக் காப்பாளர்களின் நெறி. நெதர்லாந்தின் காப்பாளர் மூவர் 1898இல் வெளியிட்ட கைந்நூல் அதனை வகுத்துரைத்தது. வீட்டுக் கோப்புகளுக்கும் அது பொருந்தும்: முதலில் உள்ளது உள்ளவாறே பிரதி, மாற்றங்கள் பின்னர்.

பிரதி செய்யுமுன் புதிய தட்டின் வடிவமைப்பைப் பார்த்தல் வேண்டும். 'ஃபாட்32' எனில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை, குறிப்பாக நீண்ட திருமணக் காணொளியை, அது ஏற்காது. 'எக்ஸ்ஃபாட்' ஏற்கும். ஆனால் வடிவமைப்பை மாற்றினால் தட்டிலுள்ள அனைத்தும் அழியும்.

அடுத்து, படங்களை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யாமல், மேல்நிலைக் கோப்புறையை முழுமையாகத் தெரிந்து பிரதி செய்க. உட்கோப்புறைகள் யாவும் அதே அமைப்பில் வந்து சேரும். 'வெட்டு' என்பதைத் தவிர்க்க வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் கோப்புகள் இரு தட்டுகளிலும் சிதறிக் கிடக்கும்.

அதே பெயருள்ள கோப்புறை புதிய தட்டில் ஏற்கெனவே இருந்தால் கவனம் தேவை. விண்டோஸ் இரண்டையும் ஒன்றிணைக்கும். மாக் கணினியிலோ, பழையதற்குப் பதிலாகப் புதியதை வைக்குமாறு கட்டளையிட்டால், பழைய கோப்புறையும் அதிலுள்ளவையும் முற்றாக நீங்கிவிடும்.

பின்னர் இரு கோப்புறைகளின் பண்புகளையும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுக. 'தட்டில் கொள்ளும் அளவு' தட்டுக்குத் தட்டு வேறுபடலாம். அதனால் அஞ்ச வேண்டியதில்லை. சில படங்களைத் திறந்து பார்ப்பதும் நன்று.

ஒழுங்கை மாற்ற விரும்புவோர், மற்றொரு பிரதியிலேயே மாற்ற வேண்டும். எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டினால், ஒரே இலக்கம் கொண்ட இரு படங்கள் மோதும். 'மாற்றிவிடு' என்று அழுத்தினால் ஒன்று மறைந்துபோகும். விண்டோஸில் பிரதி செய்த நாளே 'உருவாக்கிய திகதி' ஆகிவிடுவதால், ஆண்டைக் கோப்புறைப் பெயரின் முதலில் எழுதுவது சிறந்தது; ஆண்டு வரிசையும் தானே அமையும்.

இறுதியாக, ஒரு பிரதியை வேறொரு வீட்டில், நம்பிக்கைக்குரிய உறவினரிடம் வைத்தல் வேண்டும். நூலகத்தின் பொதுக் கணினியைப் பயன்படுத்துவோர், சொந்த ஆவணங்கள் எதனையும் அதில் விட்டுச் செல்லலாகாது. படங்களில் உள்ளோரின் பெயர்களைச் சொல்லக்கூடிய மூத்தோர் அருகில் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவது நன்று.