அமீனா வரும் வரை

கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, பின்வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே,

நான் கீழமை நீதிமன்றங்களிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அரசியல் சாசனத்தின் மாண்பைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனாவைப் பற்றிப் பேசுகிறேன்.

முன்சீப்பாக முதலில் போன ஊரில் மூன்று கோர்ட்டுக்கு ஒரே அமீனா. மற்ற இடங்கள் காலி. ஒரு பாகப்பிரிவினை வழக்கு. வாதி ஒரு மூதாட்டி. பஸ் மாறி வந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து கும்பிடுவார். 'நான்காம் பிரதிவாதிக்குச் சம்மன் சார்பாகவில்லை' என்பார் பெஞ்ச் கிளார்க். வாய்தா கொடுப்பேன். அரை நிமிடம்கூட ஆகாது. இப்படி ஒன்பது முறை.

ஒன்பதாம் முறைதான் எனக்கு உறைத்தது. தலைமை எழுத்தரைக் கூப்பிட்டு அமீனாவின் பையைக் கொட்டச் சொன்னேன். வடக்கே ஒரு கிராமம், தெற்கே ஒரு கிராமம், மறுபடி வடக்கே என்று, கோர்ட்டிலிருந்து வந்த வரிசையிலேயே சம்மன்கள் கிடந்தன. அன்று சாயங்காலம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பஸ் ரூட் வாரியாகப் பிரித்தோம். திங்கள் ஒரு தடம், செவ்வாய் ஒரு தடம். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் நான்காம் பிரதிவாதி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதைச் சொன்னதும் சிலர், 'பார்த்தீர்களா, புத்தி இருந்தால் ஆளே வேண்டாம்' என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பத்து லட்சம் மக்களுக்கு 10 நீதிபதிகள்தான் இருக்கிறார்கள், 50 பேராவது வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. ஐந்தாண்டுக்குள் அதைச் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. இன்றைக்கும் பாதியைத் தாண்டவில்லை. அதிலும் நீதிபதி இல்லாத கோர்ட்டைப் பக்கத்துக் கோர்ட் நீதிபதி 'இன்சார்ஜ்' பார்ப்பார். பார்ப்பது என்றால், பெரும்பாலும் வாய்தா போடுவதுதான்.

கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாடு சாசனத்தின் 235ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. பணப்பெட்டிச் சாவி மாநில அரசின் நிதித்துறையிடம். ஒரு தட்டச்சர் பணியிடம் புதிதாக வேண்டுமென்றால் கோப்பு கோட்டைக்குப் போய், கேள்வியோடு திரும்பி, பதிலோடு மறுபடி போகும். நிதித்துறையைத் திட்டிப் பயனில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதே வாசலில்தான் நிற்கின்றன. ஆனால் கட்டடத்துக்குப் பணம் கொஞ்சம் சுலபமாக வரும். பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு நூற்றுக்கு 60 பங்கு தருகிறது. கம்ப்யூட்டருக்கும் வரும், மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் 7,210 கோடி ஒதுக்கினார்கள். மாதச் சம்பளம் வாங்கும் ஆளுக்குத்தான் வராது. கட்டடத்துக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு உண்டு, தட்டச்சருக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

இந்தத் தாமதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். நாளைக்கு நான்காவது கேட்டு நிற்கப்போவதும் நீங்கள்தான். 'சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்' என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரிக்காக ஒரு எழுத்தர் வழக்குக் கட்டைப் பதிவறையிலிருந்து எடுத்து, தேதி எழுதி, திரும்ப வைக்கிறார். இருக்கிற நாலு எழுத்தரின் பொழுது அப்படித்தான் கரைகிறது. எதிர்த்தரப்புச் சாட்சி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

அந்த மூதாட்டிக்கு வருவோம். சாட்சி விசாரணை முடிந்து அவருக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னேன். கும்பிட்டுவிட்டு, 'இனிமே வரவேண்டாமுங்களா சாமி?' என்றார். பாகப்பிரிவினையில் அது முதல்நிலைத் தீர்ப்பாணைதான். நிலத்தை அளந்து பிரிக்க இறுதித் தீர்ப்பாணைக்கு இன்னொரு மனு போட வேண்டும், பிரதிவாதிகள் எல்லாருக்கும் மறுபடி நோட்டீஸ் போகும் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டே கேட்டார்: 'அமீனா அதே ஆளுதானுங்களே?'