மாஅத்தும் மன்னனும்



பண்டை எகிப்தியக் கோயிற் சுவர்களில் தெய்வத்தின்முன் படையலிட்டு நிற்பவன் பெரும்பாலும் மன்னனே. நாள்தோறும் பூசை செய்தவர்கள் குருமார்கள்தாம்; எனினும் கொள்கையளவில் அவர்கள் மன்னனின் பதிலாட்கள். நாடு முழுமைக்கும் பூசகன் அவன் ஒருவனே. வாழும்போது ஹோரஸ், மறைந்தபின் ஒசிரிஸ். அவன் ஏந்தும் காணிக்கைகளுள் ஒன்று, தலையில் இறகு சூடிய சிறு பெண்ணுருவம். அவள் பெயர் மாஅத். மெய், நீதி, உலகின் ஒழுங்கு ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுள் அடங்கும். அதனைக் காப்பதே அரசனின் தலையாய கடன்.

அக்கடன் எளியவனை எவ்வாறு எட்டியது? ‘சொல்வன்மை மிக்க குடியானவன்’ என்று அறிஞர்கள் பெயரிட்ட கதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முந்திய அதன் பாப்பிரசு ஏடுகளுள் பெரும்பகுதி இன்று பெர்லினில் இருக்கிறது.

குன்-அனூப் என்னும் குடியானவன் கழுதைகளில் சரக்கேற்றி வருகிறான். நெம்திநக்த் என்பவன் ஒடுங்கிய பாதையில் துணியை விரித்து வழி மறிக்கிறான். ஒருபுறம் நீர், மறுபுறம் வாற்கோதுமை வயல். ஒரு கழுதை ஒரு வாய்க் கதிரைக் கடித்துவிட, அதையே சாக்காக்கிக் கழுதைகளைப் பறித்து, அவனையும் அடிக்கிறான்.

குடியானவன் அரசனின் தலைமைக் காரியக்காரர் ரென்சியிடம் முறையிடுகிறான். அவன் பேச்சில் வியந்த ரென்சி அதை மன்னன் நெப்கவுரேயிடம் தெரிவிக்கிறார். மன்னனின் ஆணை என்ன தெரியுமா? விடை சொல்லாதே, அவனைப் பேசவிடு, பேசுவதை எழுதி அனுப்பு. அவன் மனைவி மக்களுக்கு உணவு போகட்டும். அவனுக்கும் நாள்தோறும் பத்து ரொட்டி, இரண்டு குடுவை பீர். கொடுப்பவர் யாரென்று மட்டும் அவன் அறியலாகாது.

கவிஞர்களாகிய நம்மை இவ்விடம் உறுத்த வேண்டும். இம்மன்னன் கொடியவன் அல்லன், நல்ல சுவைஞன். குடியானவனுக்கு அதுவே வினையாயிற்று. மாஅத்தைக் காக்க வேண்டியவன், மாஅத்தைப் பற்றிய அழகிய பேச்சைச் சுவைத்துக்கொண்டிருக்கிறான்!

ஒன்பது முறை பேசுகிறான் குடியானவன். இடையில் சவுக்கடியும் விழுகிறது. ஒன்பதாம் முறை, இறந்தோரின் தெய்வமாகிய அனூபிசிடமே முறையிடப் போவதாகச் சொல்லி நடக்கிறான். காவலர் திருப்பி அழைக்கையில் தண்டனை என்றே அஞ்சுகிறான். அங்கே அவன் சொற்களே ஏட்டிலிருந்து அவனுக்குப் படிக்கப்படுகின்றன.

ஏடு மன்னனை அடைகிறது. நாட்டிலுள்ள எதனினும் அது அவனை மகிழ்விக்கிறது. தீர்ப்பையோ ரென்சியே வழங்கட்டும் என்றுவிடுகிறான். நெம்திநக்தின் உடைமைகள் குடியானவனுக்குச் சேர்கின்றன. சிதைந்த கடைசி வரிகளில் அப்பட்டியல் எஞ்சியிருக்கிறது: ஆட்கள், தானியம், கழுதைகள், பன்றிகள்.