வலிக்காத புண்

 

சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணைப் பற்றி இங்கே பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். வெட்கம் பாராமல் மார்க்கம் கற்ற அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அது போதும் எனக்கு.

நம் முன்னோர் இதைப் பறங்கிப்புண் என்றார்கள். அதற்குக் கொடுத்த மருந்தும் பறங்கிப்பட்டை. பழியை வெள்ளைக்காரன் மேல் போட்டதால் நோய் நம்மை விட்டுவிடவில்லை.

உடலுறவில் தொற்றிய சுமார் மூன்று வாரத்தில், சிலருக்கு 90 நாள்கூட ஆகலாம், மர்ம உறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ ஒரு புண் வரும். அடி கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. கவட்டியில் நெறி கட்டலாம். பெண்களுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். மெடிக்கலில் வாங்கிய களிம்பு கேட்டது என்று மனிதர் நிம்மதியாகிவிடுவார். கிருமியோ ரத்தத்தில் இருக்கும்.

சில வாரம் கழித்து உடம்பில், குறிப்பாக உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும். அநேகமாக அரிக்காது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், திட்டுத்திட்டாக முடி உதிர்வது எல்லாம் வரலாம். அலர்ஜி என்று விட்டுவிடுவார்கள். அதுவும் மறையும். பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. 10, 20 வருடம் கழித்துச் சிலருக்கு இருதயத்தையும் மூளையையும் தாக்கும்.

எனக்குப் பெரிய கவலை கர்ப்பிணிகள்தான். வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பும் கணவரிடமிருந்து, ஒரு பாவமும் அறியாத மனைவிக்கு வருகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும்போது மறுக்காதீர்கள்.

1943 முதல் இதற்குப் பென்சிலின் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரே தடவை போடும் பென்சதீன் பென்சிலின் ஊசி போதும். நாள்பட்டால் வாரம் ஒன்றாக மூன்று. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி இருவருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை குணமானவருக்கும் மறுபடி தொற்றும்.

நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நம்பிக்கை மையத்தைக் கேளுங்கள். விவரம் வெளியே போகாது. 1097-க்கு இலவசமாகப் போன் செய்தும் கேட்கலாம். தனியே போகத் தயங்குபவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், துணைக்கு ஆள் அனுப்புகிறோம். எதற்கு என்று கேட்க மாட்டோம்.