தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும் நமது சங்கங்களின் வேலையும்

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும், சேலத்திலிருந்து வந்த பஞ்சாலைத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது.)



மேகம் இறங்கிக் கொண்டிருக்கிறது. கூட்டம் முடிந்து மலைக் கிராமங்களுக்கு நடந்து போக வேண்டியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். ஆலைத் தோழர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் இரவு ஷிப்டில் நிற்க வேண்டும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

கூலி, போனஸ், பட்டா பற்றி முன்னே பேசிய தோழர்கள் சொல்லி விட்டார்கள். நாங்கள் எடுத்துக் கொண்டது நமது கோரிக்கைப் பட்டியலில் சாதாரணமாக ஏறாத ஒரு விஷயம். தாய் தகப்பன் இல்லாமல், பாட்டி வீட்டிலோ, சர்க்கார் விடுதியிலோ, காப்பகத்திலோ வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேறி விட்ட பிள்ளைகளைக் கல்லூரியில் எப்படிச் சேர்ப்பது? சேர்த்த பிறகு எப்படிப் படித்து முடிக்க வைப்பது? கல்லூரி என்றால் பி.ஏ. மட்டுமல்ல, பாலிடெக்னிக், நர்ஸிங் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

“கூலிக்கே வழியைக் காணோம், காலேஜ் ஒரு கேடா?” என்று பின்னால் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

இந்த மலையில் படிப்புக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1820-இல் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். காப்பிக்குப் பின்னால் பங்களா வந்தது. பங்களாவுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் வந்தது. 1894-இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் மான்ட்போர்ட் பள்ளி. குளிர்ச்சியான இடம், நல்ல படிப்பு என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டு வந்து சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் நமக்குக் கோபம் கிடையாது, நன்றாகப் படிக்கட்டும். ஆனால் 200 வருஷமாகக் காப்பிப் பழம் பறித்த கைகளுக்குச் சொந்தமான வீடுகளில் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது. அந்தக் கொஞ்சம் பேரிலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை உண்டா என்று பாருங்கள்.

பட்டணத்தில் வீடில்லாதவன் என்றால் நடைபாதையில் படுத்திருப்பான், நாலு பேர் கண்ணில் படுவான். தோட்டத்தில் அப்படியல்ல. லயன் வீடு முதலாளி வீடு. வேலை இருக்கிற வரைதான் வீடு. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய தகப்பன் விழுந்து செத்துப் போனால், அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடி வந்து விடுகிறான். பிள்ளை தகப்பனையும் வீட்டையும் விலாசத்தையும் ஒன்றன் பின் ஒன்றாக இழக்கிறான். 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கச் சொன்னது. 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தரச் சொன்னது. 12 வயதோடு சட்டத்தின் கவலை தீர்ந்து விட்டது! 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கும், 15 தொழிலாளிக்குக் குறைந்த தோட்டத்துக்கும் அந்தச் சட்டம் தானாகப் பொருந்தவும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அதையும் சேர்த்து 29 சட்டங்களைக் கரைத்து நாலு தொகுப்பாக்கி அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போட வேண்டும்.

மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் வீடு உண்டு. வீட்டில் ஆள் இல்லை. மழை பொய்த்தால் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். இன்னும் சிலரை புரோக்கர்கள் ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். மலைக் கிராமத்தார் பலர். மரம் கடத்தி மாளிகை கட்டியவன் ஒருவனும் அந்த 20 பேரில் இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் கல்லூரி வயதைத் தாண்டிக் கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருகிறது. அதே மே மாதம் கோடை விழா, பூக்காட்சி என்று ஏற்காடு முழுக்கக் கார் நிற்கிறது. சேர்வராயன் கோவில் திருவிழாவும் அப்போதுதான். அந்தக் கூட்டத்தில் இன்னொருவனும் மலை ஏறி வருகிறான், மில் புரோக்கர். ஆலைத் தோழர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் ஆஸ்டலில் தங்கி வேலை செய், முடிவில் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சுமங்கலித் திட்டத்தில் பெண் பிள்ளைகளைப் பிடித்துப் போனவர்கள் வம்சம் அது. எந்த வீட்டில் தகப்பன் இல்லை என்று முதலில் விசாரிப்பான். பாட்டி கையில் முன்பணம் வைப்பான். நாம் எப்போது போகிறோம்? ஜூலையில், ஆகஸ்டில், யாராவது வந்து “தோழர், சீட்டுக்கு ஒரு சிபாரிசு” என்று கேட்ட பிறகு. அதற்குள் பிள்ளை ஸ்பின்னிங் மில்லில் நூல் முடிந்து கொண்டிருக்கிறாள். கல்லூரி ஒரு கேடா என்று கேட்டால், கல்லூரி இல்லாவிட்டால் எது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று சொல்லா விட்டால், நமது ஜனங்கள் அதை வாங்காமலே விட்டு விடுவார்கள். 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், 46-ஆவது பிரிவு: 18 வயது முடிந்து காப்பகத்தை விட்டு வெளியேறுகிற பிள்ளைக்குப் பண உதவி “செய்யலாம்”. செய்ய வேண்டும் என்றல்ல தோழர்களே, செய்யலாம்! மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்தார்கள். 21 வயது வரை. விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை. ஆனால் அது காப்பகப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைக்கு. பாட்டி வளர்த்த பிள்ளைக்கு? அதே திட்டத்தில் நிதி ஆதரவு என்று மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதாவது மாதம் 6,000. அதுவும் 18 வயதோடு நின்று போகும். கல்லூரி ஆரம்பிக்கிற வயதும் பணம் நிற்கிற வயதும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது!

மாநில சர்க்கார் 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களைத் தொடங்கியது. 2025-இல் அன்புக் கரங்கள் என்று 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 2021-இல் 5 லட்சம் வைப்பு என்று அறிவித்தார்கள். மத்திய சர்க்கார் 23 வயதில் 10 லட்சம் என்றது. சரி, கொடுக்க வேண்டியதுதான். நாம் கேட்பது இது: மரத்திலிருந்து விழுந்து செத்தவன் பிள்ளைக்கும், காட்டில் சுடப்பட்டவன் பிள்ளைக்கும், காச நோயில் போனவள் பிள்ளைக்கும் பசி வேறு மாதிரியா எடுக்கும்?

பணம் மட்டுமே விஷயம் என்றால் ஒரு உண்டியல் குலுக்கித் தீர்த்து விடலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவன் தம்பி இன்னும் படிக்கிறான். தகப்பன் தோட்டத்தில் செத்தான். தாய் கீழ்நாட்டுக்குப் போய் வேறு குடும்பமாகி விட்டாள். பாட்டிதான் வளர்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். சமவெளியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. முதல் வருஷமே பாட்டி போய் விட்டாள். பரீட்சை முடிந்தது; விடுதியைப் பூட்டினார்கள். எல்லோரும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஊருக்குப் போனார்கள். இவனுக்கு ஊர் எது? நாலைந்து இரவு சேலம் பஸ் ஸ்டாண்டில் படுத்தான். பிறகு ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவப் போனான். சோறும் படுக்க இடமும் கிடைக்குமே! கல்லூரி திறந்தது. ஓட்டல்காரர் சம்பளத்தைப் பிடித்து வைத்துக் கொண்டு, இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள் என்றார். வருகைப் பதிவு குறைந்தது. பரீட்சை எழுத விடவில்லை. அடுத்த வருஷம் அவன் பெயரே இல்லை. அந்தப் பையன் கணக்கில் தோற்கவில்லை தோழர்களே, விடுமுறையில் தோற்றான். சங்க ஆபீஸ் அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. அங்கே போகலாம் என்று அவனுக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

விடுதி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2023-இல் கல்லூரி விடுதி மாணவருக்கு உணவுப் படியை மாதம் 1,100-லிருந்து 1,500 ரூபாய் ஆக்கினார்கள். நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. 2025-இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். பெயர் நல்ல பெயர்தான். சமூகநீதி பொங்கலுக்கும் கோடைக்கும் பூட்டிக் கொண்டு போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இனி காகிதம். பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். தகப்பனின் சான்றைக் கொண்டு வா என்பார்கள். தகப்பனே இல்லாதவன் எதைக் கொண்டு போவான்? பெரியப்பன், சித்தப்பன், கூடப் பிறந்தவர்கள் சான்றுகளைத் தேடி எடுத்து, ஊர் பெரியவர்களைக் கூட்டிப் போய் நிற்பது சங்கத்தின் வேலை. பத்தாம் வகுப்பிலேயே நிற்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் கடைசி தேதி போய் விடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற அநாதைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்க்க யாரும் இல்லாமல், சர்க்கார் நடத்துகிற அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருக்க வேண்டும். சாதி தெரியாத பிள்ளைக்கு இது ஒரு பிடி. ஆனால் பத்து வயதும் ஒரு மாதமும் ஆனபோது பெற்றோர் போனால் அவன் அநாதை இல்லையாம்! எச்சரிக்கையும் சொல்லி விடுகிறோம்: மலையாளிப் பிள்ளையை, சான்று வாங்க அலைய முடியவில்லை என்பதற்காக இந்தப் பட்டியலில் தள்ளி விடாதீர்கள். பழங்குடி உரிமை முழுக்கப் போய் விடும்.

சோவியத் நாட்டிலே உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் முடிந்தபோது லட்சக்கணக்கான பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். ரயில்வே பட்டறையில் பெயிண்டராக வேலை செய்த ஒரு தொழிலாளியின் மகன் மக்கரென்கோ. அவர் 1920-இல் பொல்தாவா நகருக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு காலனி ஆரம்பித்தார். திருடியவர்களும் அதிலே உண்டு. 1927-இல் கார்க்கோவ் நகரத்துக் கம்யூனுக்குப் பொறுப்பேற்றார். அங்கே வளர்ந்த பிள்ளைகள் 1934-இலிருந்து கேமரா தயாரித்து நாட்டுக்குக் கொடுத்தார்கள். கேமரா பெரிதல்ல. காலனியிலிருந்து தொழிலாளர் கல்லூரிக்குப் படிக்கப் போன பிள்ளைகளை அவர்கள் பெயரெடுத்து அனுப்பி விடவில்லை. காலனியின் ஓர் அணியாகவே கணக்கில் வைத்துக் கொண்டார்கள். விடுமுறைக்கு அவர்கள் காலனிக்குத்தான் திரும்பி வந்தார்கள். தட்டு இருந்தது, படுக்கை இருந்தது. இதை மக்கரென்கோ தமது நூலில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவும் 2002-இல் வளர்ப்புக் காப்பிலிருந்து வருகிற பிள்ளைகளின் மேல்படிப்புக்கு வருஷம் 5,000 டாலர் வரை என்று சட்டம் போட்டது. அங்கேயும் கல்லூரி வாசல் வரை வந்து பாதியில் நின்றவர்களே அதிகம். பணம் வந்தது, திரும்பிப் போக வீடு வரவில்லை.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவை: சட்டத்தில் “செய்யலாம்” போய் “செய்ய வேண்டும்” வர வேண்டும். உதவி 21 வயது வரை என்பது போய், படிப்பு முடிகிற வரை வர வேண்டும்; உறவினர் வளர்த்த பிள்ளைக்கும் வேண்டும். விடுதிகளில் ஒரு பகுதியாவது வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ஓட்டுக் கேட்டு மலை ஏறுகிற எல்லோரிடமும் இதைக் கேளுங்கள்.

சர்க்கார் செய்கிற வரை நாம் சும்மா இருக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு இரண்டு தோழர்கள் பொறுப்பு. ஒருவர் மலையில், ஒருவர் கீழே கல்லூரி இருக்கிற ஊரில். மாதம் ஒரு தரம் விடுதிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆலை வாசல் கமிட்டிகள் பஸ் காசுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பொறுப்பு ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். விடுமுறைக்குப் பையன்கள் சங்க ஆபீஸில் தங்கலாம். பெண் பிள்ளைகள் மாதர் சங்கத் தோழியர் வீடுகளில். வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்திருக்கிறதே என்று மாட்டையும் கைக்குழந்தையையும் ஒப்படைத்து விட்டு வேலைக்குப் போய் விடாதீர்கள். அது படிக்க வந்திருக்கிறது.

அந்த மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. போகிற போது, உங்கள் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற, தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி விட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், தோழர்கள் எழுதிக் கொள்வார்கள். பெயருக்கு எதிரே சாதிச் சான்று இருக்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் உண்டு. ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிற பிள்ளையானால், விடுதி என்றைக்குப் பூட்டுகிறார்கள் என்று கேட்டு, அந்தத் தேதியையும் எழுதுங்கள்.