வயது என்ன என்று முதலில் கேட்பது ஏன்?

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யவீருவின் மகளைப் பற்றி மாற்கும் எழுதியிருக்கிறார், லூக்காவும் எழுதியிருக்கிறார். அவளுக்குப் பன்னிரண்டு வயது என்பதை மாற்கு, அவள் எழுந்து நடந்தபிறகு கடைசியில் சொல்லுகிறார். லூக்காவோ, தகப்பன் வந்து ஆண்டவருடைய பாதத்தில் விழுந்தவுடனேயே வயதைச் சொல்லிவிடுகிறார். செமினரியில் படித்த காலத்தில் இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தியதில்லை. குழந்தைகள் வார்டில் நடமாடத் தொடங்கியபிறகுதான், லூக்கா ஒரு வைத்தியர் அல்லவா என்று தோன்றியது. சீட்டில் பெயருக்கு அடுத்தபடி வயதை எழுதாமல் எந்த டாக்டரும் நோயைப் பற்றிப் பேசமாட்டார். இதை வேத வியாக்கியானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு போதகரின் எண்ணம், அவ்வளவே.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் செய்த ஒரு பிழையை இன்று உங்களிடம் சொல்லவேண்டும்.

ஓர் ஐப்பசி மாதம். கரிசல் நிலத்தில் மழை விழுந்தால் பாதை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். செருப்போடு சேர்ந்து மண்ணும் காலோடு வரும். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு மாலை நேரத்தில் வந்து சேர்ந்தாள். மூத்தவனுக்கு நான்கு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் வராந்தா முழுவதும் ஓடி விளையாடினான். இளையது சேலைத்தலைப்பில் சுற்றியபடி மடியில் கிடந்தது. “ரெண்டு பேருக்கும் சளிங்கய்யா. பெரியவனுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. சின்னது காலையிலேருந்து பால் குடிக்கமாட்டேங்குது” என்றாள். ஓடுகிற பையனைப் பார்த்த நான், “சளிதானே அம்மா, மழைக்காலம். ஜெபம் பண்ணுவோம். வரிசை வரட்டும், உட்காருங்கள்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த வழியாகப் போன நர்ஸ் ஒருவர் நின்றார். “பிள்ளைக்கு எத்தனை நாளாச்சு தாயி?” என்று கேட்டார். நாற்பத்திரண்டு நாள் என்று பதில் வந்தது. உடனே துணியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் குழந்தையின் வயிற்றையே கவனித்தார். எழுபத்திரண்டு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் அடிப்பாகம் உள்ளே குழிந்தது. அழக்கூடப் பெலனில்லாமல் கிடந்த குழந்தையை நான் அமைதியாகத் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். ஐந்து நாள் பிராணவாயு வைத்தார்கள். மூக்குவழிக் குழாயில் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. அண்ணனுக்கு மருந்தே தேவைப்படவில்லை.

ஒரே வீடு, ஒரே சளி. ஒருவன் ஓடுகிறான், மற்றது மூச்சுக்குப் போராடுகிறது. காரணம் என்ன என்று நம் டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறேன்.

இப்படிப்பட்ட சளிக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். 1956-இல் அமெரிக்காவில் முதலில் சிம்பன்சிக் குரங்குகளிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, மறுவருஷமே கைக்குழந்தைகளிடத்திலும் கண்டறியப்பட்டது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் இது ஒரு முறையாவது தொட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கும் மறுபடி மறுபடி வரும், நாம் அதை ஜலதோஷம் என்று சொல்லிக் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். முதல் முறை வருவதுதான் கடுமை. அந்த முதல் முறை, பிறந்த சில வாரங்களிலேயே வந்துவிட்டால் கடுமை இன்னும் அதிகம்.

கைக்குழந்தையின் நுரையீரலுக்குள் போகும் சிறு குழல்கள் மிக மெல்லியவை. குழலின் அகலம் பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு ஆகும் என்று பௌதிகம் சொல்லுகிறது. நமக்குத் தொண்டைக் கரகரப்பாக இருக்கிற அதே வீக்கம், அங்கே வாசலையே அடைத்துவிடுகிறது. விலா எலும்புகளோ இன்னும் மெத்தென்றிருக்கும். ஆகையால் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிவதற்குப் பதிலாக உள்ளே குழிகிறது. சின்னக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் சோர்வு, சோர்ந்தால் மூச்சு விடவும் பெலனில்லை. குறைமாதப் பிள்ளைகளில் சில, இருமல் தொடங்குமுன்பே மூச்சை நிறுத்திவிடுவதுமுண்டு. தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்கு வரும் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் வருகிறது. முன்னதாகப் பிறந்தது அந்தச் சுதந்தரத்தை முழுவதும் பெறாமலே வந்துவிடுகிறது.

2019-ஆம் வருஷத்துக்கான உலகக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் ஒரு லட்சம் பேர் இந்த ஒரே வைரஸால் மரித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆறு மாதம் நிரம்பாதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் நம்முடையது போன்ற வருமானம் குறைந்த நாடுகளில்.

எல்லா வைரஸும் இப்படி நடந்துகொள்வதில்லை. 2020, 2021-இல் கொரோனா வந்தபோது நம் தாத்தா பாட்டிமாரை வாரிக்கொண்டு போயிற்று, பிள்ளைகளில் பெரும்பாலோர் லேசான காய்ச்சலோடு தப்பினார்கள். ஆர்.எஸ்.வி. முதியவர்களையும் விட்டுவைப்பதில்லை. நான் அறுபதைத் தாண்டியவன், ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாகவே கேட்டுக்கொண்டேன்.

இப்போது அந்த நர்ஸ் எண்ணிய எண்ணிக்கைக்கு வருகிறேன். இதில் நம் தமிழ்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. பப்புவா நியூகினியில் சில டாக்டர்கள் மூச்சை எண்ணி நிமோனியாவைக் கண்டுகொள்ளும் வழியைக் காட்டியிருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானோர் அதை நம் பிள்ளைகளிடத்தில் சோதித்து, 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல், அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல் மூச்சு ஓடினால், நெஞ்சுக்குள் நோய் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.  உலக சுகாதார நிறுவனத்தின் விதியும் வயதைப் பார்த்துத்தான் அமைந்திருக்கிறது: இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு அறுபது, ஒரு வயதுவரை ஐம்பது, ஐந்து வயதுவரை நாற்பது. அந்த எண்ணிக்கையையோ அதற்கு மேலோ தொட்டால் ஆபத்து. டாக்டரில்லாத கிராமத்தில், எழுதப்படிக்கக் கொஞ்சமே தெரிந்த ஒரு பணியாள்கூட ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம்.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து உதவாது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் இருமல் டானிக்கும் உதவாது, கைக்குழந்தைக்குக் கேடும் செய்யலாம். தேவைப்படுவது பிராணவாயு, பால், இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கும் ஒரு மனுஷி. தாய்ப்பால் கொடுப்பதும், விறகடுப்புப் புகையிலிருந்து பிள்ளையைத் தள்ளி வைப்பதும், சளி பிடித்த அண்ணன் அக்காளைத் தொட்டிலருகே விடாதிருப்பதும் வீட்டில் செய்யக்கூடியவை. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும், மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்தும்படி ஆச்சிமாரிடம் சொல்லுவது, பிரசங்கம் பண்ணுவதைவிடக் கடினமான வேலை. “ஒங்கப்பனையே அப்படித்தான் வளத்தேன்” என்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் பேசவேண்டும்.

2023-ஆம் வருஷத்தில், கர்ப்பிணித் தாய்க்குப் போட்டுப் பிள்ளையைக் காக்கும் தடுப்பூசி ஒன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. பிறந்த குழந்தைக்கே நேரடியாகப் போடும் எதிர்ப்பு மருந்தும் வந்திருக்கிறது. இவ்விரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவரும்படி 2025-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டிருக்கிறது. நம் அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி வரிசையில் இவை இன்னும் சேரவில்லை. நிமோனியாவுக்கு எதிரான வேறொரு ஊசி, நியூமோகாக்கஸ் கிருமிக்கானது, 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகப் போடப்படுகிறது. அது கிடைக்கும்வரை எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது இந்த வார்டின் பழைய நர்சுகளுக்குத் தெரியும். அதுபோல் இவையும் வரும் என்று நம்புகிறேன்.

அதுவரை மழைக்காலம் நமக்காகக் காத்திராது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு நாள்கூலி ஒரு நாள் போனாலும் கஷ்டம், ஆகவே முற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரியவர்களுக்கான பிராணவாயுக் குழாய் எங்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. கைக்குழந்தையின் மூக்குக்குப் பொருந்தும் சிறிய குழாயும், அதன் விரலில் மாட்டும் அளவில் பிராணவாயு பார்க்கும் கருவியும்தான் குறைவு. கிராமப் பணியாளர்களுக்கு விநாடி முள் உள்ள கடிகாரமும் தேவை. இவற்றின் விலை விவரத்தைப் பொருளாளர் வாசலருகே மேஜையில் வைத்திருக்கிறார். ஐப்பசி பிறக்குமுன் வாங்கிவிட வேண்டும் என்று குழந்தைகள் வார்டு நர்ஸ் என்னிடம் சொல்லி அனுப்பினார்.